சளிக்கு ஆன்டிபயாடிக் வேணுமா? குழந்தை டாக்டர்கிட்ட கேட்டதும் அவங்க சொன்னதும்

கே: 2 வயசு பையன், 5 நாளா சளி. மொதல்ல தண்ணியா ஒழுகுச்சு, இப்ப பச்சையா கெட்டியா வருது. பச்சைனா ஆன்டிபயாடிக் குடுத்தே ஆகணும்னு மாமியார் சொல்றாங்க மேடம்.

ப: ஓபில பாதி பேர் இதத்தான்மா கேக்கறாங்க. சாதா வைரஸ் சளியே 3, 4 நாள்ல பச்சையாகும், கிருமியோட சண்டை போட வர்ற வெள்ளை அணுவுல இருக்கற ஒரு என்சைமோட கலர் அது, அத வச்சு பாக்டீரியானு சொல்லவே முடியாது. வைரஸ ஆன்டிபயாடிக் ஒண்ணும் பண்ணாது, வயித்தால போறதுதான் மிச்சம். சளிய விடுங்க, மூச்சப் பாருங்க.

கே: மூச்ச எப்படிப் பாக்கறது?

ப: பிள்ள தூங்கறப்போ சட்டையத் தூக்கிவிட்டு வயித்தப் பாருங்க, ஏறி இறங்கினா ஒண்ணு. போன்ல டைமர் போட்டு முழுசா 1 நிமிஷம் எண்ணணும், 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கற குறுக்கு வழியெல்லாம் வேணாம், சின்னப் பிள்ளைங்களுக்கு மூச்சு சீரா இருக்காது. 2 மாசத்துக்குள்ளனா 60, அதுக்கு மேல 1 வயசு வரைக்கும் 50, 1லேர்ந்து 5 வயசுக்கு 40. அதத் தொட்டாலே நிமோனியாவா இருக்கலாம், அன்னைக்கே காட்டிடுங்க. விலா எலும்புக்குக் கீழ குழி விழுதா, முனகறானா, பால் குடிக்கலயா, உதடு நீலமாகுதா, எண்ணிட்டெல்லாம் உக்காராதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நிமோனியான்னா ஆன்டிபயாடிக் நானே எழுதுவேன், அட்மிஷன் தேவைப்படாத பிள்ளைக்கு அனேகமா அமாக்ஸிசிலினே போதும்.

கே: பெரியவளுக்கு போன மாசம் வாங்கின அசித்ரோமைசின் ஆன்டிபயாடிக் பாதி பாட்டில் ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சின்னவனுக்கு ஊத்தலாமா?

ப: வேணவே வேணாம். தண்ணி கலந்த பவுடர் மருந்து சில நாள்தான் தாங்கும், டோஸும் எடைக்கு எடை மாறும். ஆமா, பாதி எப்படி மிஞ்சுச்சு? காய்ச்சல் விட்டதும் நிறுத்திட்டீங்கதானே? (திட்டல, சும்மா கேட்டேன்.)

கே: மெடிக்கல்ல கேட்டா செஃபிக்ஸிம்னு ஒரு ஆன்டிபயாடிக் குடுத்துடறாங்களே சார்?

ப: மேடம்ப்பா, சார் இல்ல 🙂 2014லேர்ந்து அது ஷெட்யூல் ஹெச்1ங்கற அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு, டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கவே கூடாது, யாருக்கு வித்தாங்கன்னு ரெஜிஸ்டர்ல எழுதி வைக்கணும். இதுல கொடுமை என்னன்னா, நிமோனியா தர்ற நிமோகாக்கஸ் கிருமிக்கு அமாக்ஸிசிலின் அளவுக்குக்கூட செஃபிக்ஸிம் கேக்காது.

கே: 3 வயசு, காய்ச்சல் இல்ல, ஆனா இருமல் 16 நாளா நிக்கல.

ப: சளி இருமல் 2 வாரம் இழுக்கறது சகஜம்தான். ராத்திரி படுக்கறப்போ ஒரு ஸ்பூன் தேன் குடுங்க (1 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைக்கு நக்கக்கூட குடுக்கக் கூடாது). ஆனா 2 வாரம் தாண்டிடுச்சுல்ல, ஒரு தடவ கூட்டிட்டு வாங்க, வீசிங்கா டிபியானு பாத்துடலாம். வீட்ல தாத்தா பாட்டி யாருக்காச்சும் ரொம்ப நாளா இருமல் இருந்தா அதையும் மறக்காம சொல்லுங்க.