பாட்டு கற்றுக்கொண்டால் திக்குவாய் சரியாகிவிடுமா?

உங்கள் பிள்ளைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிறு வயதிலிருந்தே திக்குபவன், இன்று பாடிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பாட்டில் சேர்த்துவிடுங்கள். ஆனால் திக்கு போய்விடும் என்று ஆசை காட்டிச் சேர்க்காதீர்கள்.

என்னை அப்படித்தான் சேர்த்தார்கள். பதினோரு வயதில் ஒரு போட்டி. பெயரைச் சொல்லிவிட்டுப் பாட வேண்டும். என் பெயர் 'க'வில் தொடங்கும். அடிநாக்கு மேலே ஒட்டிக்கொண்டு விடவேயில்லை. நடுவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாடச் சொல்லிக் கையசைத்தார். பாடினேன், ஓர் எழுத்துகூட இடறவில்லை. கீழே இறங்கியதும் ஒரு பெரியவர், "பாட்டு மட்டும் சரளமா வருதே, பேசும்போது நடிக்கிறியா?" என்றார். அதற்குப் பதில் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

பாட்டில் சொற்கள் முன்பே மனப்பாடம். எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று தாளம் சொல்லிவிடும். உயிரெழுத்து நீளும், குரல் அறுபடாது. பேச்சில் இந்தத் துணை எதுவும் கிடையாது. அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசை வகைப் பாடகர் மெல் டில்லிஸ் (1932–2017) மேடையில் தங்குதடையின்றிப் பாடுவார். பேச்சில் கடைசிவரை திக்கினார். அவர் நடித்தாரா?

பாட்டாலேயே குணமானவர்களைத் தெரியும் என்று சிலர் மறுப்பீர்கள். நான் பொய் என்று சொல்லவில்லை. சிறு வயதில் திக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது தானாகவே நின்றுவிடும்; பாட்டு வகுப்புக்குப் போன காலத்தில் நின்றிருக்கலாம்.

எனக்கு உதவியது பேச்சுப் பயிற்சி. அந்தக் 'க'வை அழுத்தாமல் மெல்லத் தொட்டு, அதிலுள்ள அகரத்தைக் கொஞ்சம் நீட்டச் சொன்னார்கள். பாட்டில் நான் அறியாமல் செய்துவந்ததுதான். பேச்சில் பழகப் பல வருடம் ஆனது. இன்னமும் தொலைபேசியில் திக்குவேன்.

ஸ்காட்மேன் ஜான் என்ற அமெரிக்க ஜாஸ் இசைக் கலைஞர் ஜான் லார்கினும் திக்குபவர்; பல காலம் பியானோவின் பின்னால் ஒளிந்திருந்தவர். 1994இல், 52 வயதில், தன் திக்கலையே பாட்டாக்கினார். அதை அறிந்த பிறகுதான் நானும் கச்சேரி தொடங்குமுன் "எனக்குத் திக்கும்" என்று சொல்லத் தொடங்கினேன். அதற்கும் விழாக்காரர்கள் "திக்குவாயை வென்றவர்" என்று அறிவிப்பு போடுகிறார்கள். மேடை கொடுத்ததே பெரிசு என்று சொல்லிச் சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொள்பவர்களும் இவர்களேதான். பாட்டும் உழைப்பு ஐயா.

கேள்விக்கு வருகிறேன். அவன் பாடட்டும். பேசும்போது அவன் சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். "மெதுவா, மூச்சு விட்டுச் சொல்லு" என்பதும் வேண்டாம். அதைக் கேட்டாலே எனக்கு இன்னும் இறுகும். முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருங்கள்.