வகுப்பில் படிக்கும் சமூகவியல் கருத்துகளை அன்றாட வாழ்வில் எப்படி அடையாளம் காண்பது?

கேள்வியின் சாரம் இது: சமூகவியல் முதலாண்டு மாணவர் ஒருவருக்கு நெறி (எழுதப்படாத நடத்தை விதி), பங்கு (ஒரு நிலையில் இருப்பவரிடம் எதிர்பார்க்கப்படும் நடத்தை), தகுதிநிலை (சமூகத்தில் ஒருவருக்கு உள்ள இடம்), பண்பாட்டு மூலதனம் (வீட்டிலிருந்து வந்து பலன் தரும் பழக்கமும் திறமையும்) என்று எதைக் கேட்டாலும் வரையறை எழுத வருகிறது. வகுப்பை விட்டு வெளியே வந்தால் எதுவும் கண்ணில் படுவதில்லை. சில நாட்களில் நேர்மாறாக, பார்ப்பதெல்லாம் 'சமூக நெறி'யாகவே தோன்றுகிறது. என்ன செய்வது?

கண்ணில் படாததைவிட எல்லாமே நெறியாகத் தோன்றுவதுதான் பெரிய சிக்கல். ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு உதாரணம் தேடிப் போனால் போகுமிடமெல்லாம் உதாரணம் கிடைக்கும். பொருந்தாத இடத்தை நாம் தேடுவதே இல்லை என்பதுதான் காரணம். ஆகவே வரிசையை மாற்றுங்கள்: முதலில் பார்த்ததை எழுதுங்கள், பெயரைப் பிறகு வையுங்கள். வைத்த பெயர் சரிதானா என்று பார்க்க ஒரு கேள்வி போதும். இந்தச் சொல் தெரியாமல் இருந்திருந்தால் எதைக் கவனிக்காமல் விட்டிருப்பேன்? பதில் வரவில்லை என்றால் நீங்கள் செய்தது லேபிள் ஒட்டும் வேலை மட்டுமே.

ஒரு நோட்டு எடுத்துப் பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும். வலப்பக்கம் இரவு வரை காலியாக இருக்கட்டும். 'அவர் எரிச்சலடைந்தார்' என்பது இடப்பக்கத்தில் வரக்கூடாது; அது உங்கள் ஊகம். 'இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார், முன்னால் நின்றவரை ஒட்டி அரை அடி நகர்ந்தார்' என்பதுதான் இடப்பக்கத்துக்கு உரியது. ஒரே இடத்தில் 20 நிமிடம், கவனிக்க ஒரே விஷயம். அங்கேயே முழு வாக்கியமாக எழுத முயன்றால் குனிந்திருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டியது நடந்து முடிந்துவிடும். துண்டுச் சொற்களாகக் குறித்துக்கொண்டு, வெளியே வந்த அரை மணிக்குள் விரித்து எழுதுங்கள். மறுநாள் எழுதினால் நினைவே கதையைச் சீராக்கிவிடும். முரணான சில்லறை விவரங்கள்தான் முதலில் காணாமல் போகும், நமக்கு வேண்டியதும் அவைதான்.

மாணவர்கள் அதிகம் தவறாகப் பயன்படுத்தும் சொல் 'நெறி' என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே மாதிரி செய்தால் அது நெறி ஆகிவிடாது. மழை வந்ததும் தெருவில் எல்லோரும் குடை விரிப்பது சமூகச் செயலே அல்ல என்று சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் காட்டினார். ஒவ்வொருவரும் மழைக்குத்தான் எதிர்வினை செய்கிறார்கள், ஒருவர் மற்றவரை நோக்கி அல்ல. இரண்டு சைக்கிள்காரர்கள் மோதிக்கொள்வது வெறும் நிகழ்ச்சி. மோதாமல் விலக முயல்வதும், மோதியபின் வரும் வாக்குவாதமும் சமூகச் செயல். இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நெறி இருக்கிறதா என்று அறிய, மீறப்படும் கணத்தைப் பாருங்கள். மீறியவருக்கு என்ன நேர்கிறது? ஏதோ ஒரு வகைத் தண்டனை இருந்தால்தான் அது நெறி. தண்டனை என்றால் அதட்டல் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒரு பார்வை, ஒரு செருமல், பேச்சு சட்டென்று நிற்பது, பக்கத்தில் இருப்பவரிடம் கொஞ்சம் உரக்கச் சொல்லப்படும் ஒரு வார்த்தை, எல்லாம் தண்டனைதான்.

இதற்கு வரிசையைப் போல நல்ல இடம் வேறில்லை. ஒருவர் நடுவில் நுழையும்போது யார் எதிர்க்கிறார் என்று குறியுங்கள்: நுழைந்தவருக்கு நேர் பின்னால் நிற்பவரா, மூன்று பேர் தள்ளி நிற்பவரா, முன்னால் நிற்பவரா? உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் அவருடைய குழுவினரும் வரிசைகளில் ஆட்களை வேண்டுமென்றே நுழையவைத்து ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டார்கள். எதிர்ப்பு பெரும்பாலும் பின்னால் இருப்பவர்களிடமிருந்தே, அதிலும் நேர் பின்னால் நிற்பவரிடமிருந்தே வந்தது. வரிசை எல்லோருக்கும் பொதுவானது, அதைக் காக்கும் பொறுப்போ இடத்தைப் பொறுத்து ஒரு சிலர் தலையில் விழுகிறது. 'வரிசையில் நிற்பது சமூக நெறி' என்று எழுதுபவருக்கு இது தெரியவே வராது.

நுழைபவரின் வாயையும் கவனியுங்கள். யாரும் கேட்காதபோதே 'ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்கணும்' என்கிறாரா? கேட்காமலே சொல்லப்படும் விளக்கம், விதி எது என்பதை மீறுபவரே ஒப்புக்கொள்வது. விளக்கங்களைச் சேகரியுங்கள். எந்தக் காரணம் ஏற்கப்படுகிறது, எது ஏற்கப்படவில்லை என்ற பட்டியல் 10 வரி சேர்ந்தாலே அந்த இடத்தின் எழுதப்படாத சட்டம் புலப்படும்.

மில்கிராமின் மாணவர்கள் 1970-களில் நியூயார்க் சுரங்க ரயிலில் செய்த சோதனையும் இதோடு சேர்ந்தது. அமர்ந்திருப்பவரிடம் காரணம் ஏதும் சொல்லாமல் 'உங்கள் இருக்கையைத் தர முடியுமா?' என்று கேட்டார்கள். 56 சதவீதம் பேர் எழுந்து கொடுத்தார்கள். இன்னும் சுமார் 12 சதவீதம் பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். 'நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை' என்று அற்பக் காரணம் சொன்னபோது இணங்கியவர்கள் சுமார் 42 சதவீதமாகக் குறைந்தார்கள். காரணம் சொல்லாவிட்டால், கேட்பவருக்கு ஏதோ பெரிய இக்கட்டு என்று அமர்ந்திருப்பவரே இட்டு நிரப்பிக்கொள்கிறார். அற்பக் காரணம் அந்த வாசலை அடைத்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். அதைவிட முக்கியம், கேட்டவர்கள் பட்ட பாடு. தாமே கேட்டுப் பார்த்த மில்கிராமுக்குத் தொண்டை அடைத்தது, முகம் வெளுத்தது; மாணவர்கள் சிலருக்குக் கேட்கவே வாய் வரவில்லை. வெளியில் இருப்பதாக நாம் எண்ணும் விதி உடம்புக்குள் காவல் காக்கிறது. உங்களுக்கே எங்காவது காரணமில்லாமல் கூச்சம் வந்தால், அதையும் இடப்பக்கத்தில் நேரத்தோடு குறியுங்கள்.

இதைப் படித்துவிட்டு நீங்களாகவே விதி மீறிப் பார்க்கும் சோதனையில் இறங்க வேண்டாம். சமூகவியலாளர் ஹெரால்ட் கார்ஃபிங்கல் தம் மாணவர்களை, சொந்த வீட்டிலேயே 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை வாடகைக்குத் தங்கியிருப்பவர்போல் நடக்கச் சொன்னார். மிகுந்த மரியாதை, கேட்டால் மட்டும் பதில், அவ்வளவுதான். குடும்பத்தார் திகைத்தார்கள், உடம்பு சரியில்லையா என்றார்கள், கோபப்பட்டார்கள். பாடத்துக்காக இன்னொருவர் மனம் நோவது சிறிய விஷயமல்ல. ஆசிரியரின் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது. தானாக நடக்கும் மீறல்களே ஒரு நாளைக்குத் தேவைக்கு மேல் கிடைக்கும்.

அடுத்து, நேருக்கு நேர் பழகும் விதத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் எர்விங் காஃப்மன். லிஃப்டில் ஏறும் இருவர் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பார்வையைக் கதவு எண்களுக்குத் திருப்புவதை அவர் சொன்ன 'கண்ணியமான கண்டுகொள்ளாமை' என்று எழுதுவார்கள், சரிதான். ஆனால் அந்த முதல் கணப் பார்வைதான் கருத்தின் உயிர். உன்னைப் பார்த்தேன், உன்னிடம் எனக்கு எந்த நோக்கமும் இல்லை என்று அது சொல்கிறது. பார்க்கவே இல்லை என்றால் அது வேறு: ஆளை ஆளாகவே மதிக்காத புறக்கணிப்பு. துப்புரவுப் பணியாளர் உள்ளே வரும்போது அந்த முதல் பார்வை கிடைக்கிறதா, இல்லையா? 20 நிமிடத்தில் எண்ணிவிடலாம். எண்ணினால் தகுதிநிலை என்ற கருத்து வரையறையிலிருந்து இறங்கி உங்கள் முன் வந்து நிற்கும்.

அவருடைய முன்மேடை (பிறர் பார்க்க நடந்துகொள்ளும் இடம்), பின்மேடை (அவர்கள் கண்ணில் படாத இடம்) என்ற சொற்களில் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. பின்மேடையில் இருப்பதே 'உண்மையான' முகம் என்று எழுதிவிடுகிறார்கள். பின்மேடையிலும் உடன் வேலை செய்பவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அங்கேயும் ஒரு நடிப்பு ஓடுகிறது. உண்மை எது, போலி எது என்று தேடாமல் வாசலைத் தேடுங்கள். ஊழியர் அறைக் கதவைத் தாண்டும் கணத்தில் நடை, குரல், தோள் எப்படி மாறுகின்றன? இணையவழி வகுப்பில் ஒலியை அடைக்கும் பொத்தான்தான் அந்த வாசல். அதை மூட மறந்தவருக்கு நேரும் சங்கடம், இரண்டு மேடையும் கலந்ததால் வருவது.

வகுப்பறை உங்களுக்கு நாள்தோறும் கிடைக்கும் ஆய்வுக்களம். யாருக்கும் இடம் ஒதுக்காத வகுப்பில் முதல் வாரமும் மூன்றாம் வாரமும் இருக்கை வரைபடம் போடுங்கள். பெயர் வேண்டாம், எண்கள் போதும். பலர் ஒரே இடத்தில் நிலைத்திருப்பார்கள். அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். யாரும் கொடுக்காத உரிமை எப்படி உருவானது என்பதே கேள்வி. அதன்மேல், ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு எத்தனை விநாடி காத்திருக்கிறார், யாருக்குக் கூடுதலாகக் காத்திருக்கிறார் என்று மூன்று வகுப்புகளில் கோடு போட்டு எண்ணுங்கள். ஒரே வகுப்பை வைத்து முடிவு கட்டினால் அன்றைய பாடத்தின் தன்மையை ஆசிரியரின் தன்மை என்று எடுத்துக்கொள்வீர்கள்.

சமூகவியலாளர் பியேர் பூர்தியூவின் பண்பாட்டு மூலதனமும் இங்கேதான் தெளிவாகத் தெரியும். பணம், புத்தக அறிவு, நாகரிகம் என்று பலவற்றோடும் அதைக் குழப்புவார்கள். இரண்டு கேள்வி கேட்டால் தெளியும்: இந்தத் திறமைக்கு இந்த நிறுவனம் பலன் தருகிறதா? தருகிறது என்றால் அதை இங்கே கற்றுத்தருகிறார்களா? பலன் உண்டு, கற்பிப்பது இல்லை என்றால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் போய் எப்படிப் பேசுவது, சமர்ப்பிக்கும் தேதியை நீட்டித்துத் தருமாறு கேட்கலாம் என்பதே சிலருக்குத் தெரிந்திருப்பது, எந்தத் தொனியில் கேட்டால் அது பணிவாகவும் உரிமையாகவும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் என்பது. இவை பாடத்திட்டத்தில் இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்தவருக்கு அது இயல்பான திறமைபோலத் தெரியும். கொண்டுவராதவருக்கோ தன் குறைபோலத் தெரியும். மதிப்பெண் பட்டியலில் இரண்டுமே 'தகுதி' என்ற ஒரே பெயரில் பதிவாகின்றன. இந்தப் பாடத்தைப் படிப்பதன் அவசியம் எனக்குத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

அதிகம் பழகாதவர்கள் வழியாகவே புதுச் செய்தி வருகிறது என்ற, சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டரின் 'மெல்லிய தொடர்புகள்' கருத்தைச் சோதிக்க ஒரு மாலை போதும். சென்ற ஆண்டு உங்களுக்குப் பயன்பட்ட ஐந்து தகவல்களை எழுதுங்கள்: உதவித்தொகை அறிவிப்பு, பகுதிநேர வேலை, காலியான அறை இப்படி. ஒவ்வொன்றையும் யார் சொன்னார், அவரை எவ்வளவு நாளுக்கொருமுறை பார்க்கிறீர்கள் என்று குறியுங்கள். 1973-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் அவரை அடிக்கடி பார்ப்பவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6, அரிதாகப் பார்ப்பவர்கள் 27.8. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும்; புதுச் செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வர வேண்டும். உங்கள் பட்டியல் இதற்கு நேரெதிராக வந்தால் கருத்து பொய்யென்று முடிவு கட்டாதீர்கள், ஏன் என்று பாருங்கள். சொன்னவர் நெருங்கியவராக இருந்தும் வேறு வட்டத்தில் புழங்குபவரா? அப்படியானால் தொடர்பின் மென்மையைவிட அது பாலமாக இருப்பதே வேலை செய்திருக்கிறது.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனின் உள்ளுறை பணி (யாரும் திட்டமிடாமல், வெளிப்படையாகத் தெரியாமல் விளையும் பயன்) பற்றி ஒரு எச்சரிக்கை போதும். எந்த முடிவும் எடுக்காத வாராந்தரக் கூட்டம் உறுப்பினர்களை ஒன்றுசேர்த்து வைக்கிறது என்று எழுதலாம். அதற்காகத்தான் கூட்டம் நடக்கிறது என்று எழுதினால் தவறு. விளைவு வேறு, காரணம் வேறு.

சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் வகுத்த தனிமனித இக்கட்டு, பொதுப் பிரச்சினை என்ற பிரிவை எண்ணிக்கையோடு பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் பேர் உள்ள நகரத்தில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லை என்றால் அவருடைய திறமையையும் வாய்ப்பையும் பார்க்கலாம்; 5 கோடிப் பேர் உழைக்கும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் அதற்கான பதில் எந்தத் தனிமனிதரிடமும் இல்லை என்றார் அவர். உங்கள் வகுப்பில் மாலை வகுப்புக்கு வராதவர்கள் யார்? சோம்பல் என்று எழுதுவதற்கு முன், அவர்களுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடைசிப் பேருந்தின் நேரம், வீட்டில் யாரையாவது கவனிக்கும் பொறுப்பு, வேலை நேரம். வராதவர்களைத் தேடிப்போய்க் கேட்டால்தான் இது தெரியும். வந்தவர்களை மட்டும் கவனிப்பது மாணவக் குறிப்புகளில் மிகச் சாதாரணமாக நிகழும் பிழை.

நண்பர்களையும் வீட்டாரையும் பற்றி எழுதும்போது பெயரை மாற்றினால் மட்டும் போதாது. தொழில், வயது, இடம் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும். படம், ஒலிப்பதிவு வேண்டாம். அவர்கள் மனம் திறந்து பேசும்போது நடுவில் கலைச்சொல்லைச் சொல்லி அவர்களை உதாரணமாக்கிவிடாதீர்கள். அடுத்த முறை உங்கள் முன் பேசவே மாட்டார்கள். அந்த இழப்பு நோட்டுக்கு மட்டும் அல்ல.

வாரத்துக்கு ஒரு கருத்து போதும். பொருந்தும் நிகழ்ச்சி மூன்று, பொருந்தாதது கட்டாயம் ஒன்று. பொருந்தாத அந்த ஒன்றுக்குத்தான் அதிக இடம் ஒதுக்குங்கள்: கருத்தின் எல்லை அதுவா, நீங்கள் பார்த்த விதத்தில் பிழையா, வேறொரு கருத்து அங்கே வேலை செய்கிறதா என்று அரைப் பக்கம். தேர்வில் 'உதாரணத்துடன் விளக்குக' என்று வந்தால் முதல் மூன்றில் ஒன்றை எழுதலாம். 'விமர்சன நோக்கில் ஆராய்க' என்று வந்தால் அந்த அரைப் பக்கத்தைத் திறந்தால் போதும்.