வீட்டிலேயே பிசிபி: முதல் போர்டு போடுபவர்களின் கேள்விகள்

பிசிபி என்பது கம்பிகளுக்குப் பதில் தாமிரக் கோடுகளால் மின்சுற்றை இணைக்கும் போர்டு. கோடுகளை லேசர் பிரிண்டரில் தாளில் எடுத்து, தாமிரம் பூசிய போர்டில் அயர்ன் பாக்ஸால் ஒட்டவைத்து, மூடப்படாத தாமிரத்தை ரசாயனத்தில் கரைத்துவிடுவதுதான் இங்கே சொல்லும் முறை.

கே: லேசர் பிரிண்ட் எடுத்து அயர்ன் பாக்ஸால் தேய்த்தேன். பாதிக் கோடுகள் தாளோடு வந்துவிட்டன. சூடு போதவில்லையா?

சூட்டைச் சந்தேகிக்கும் முன் போர்டைப் பாருங்கள். எனக்கு வரும் பத்துக் கேள்விகளில் ஏழெட்டு இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். விரல் பட்ட இடத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் டோனர் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) ஒட்டாது. பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் இன்னும் பசை இருக்கிறது. ஒரே ஏடாகப் பரவினால்தான் சுத்தம். ஈரம் காய்ந்தபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. அதற்குமேல் விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும்.

அயர்ன் பாக்ஸை ‘காட்டன்’ அளவில், நீராவி இல்லாமல், இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். ஆறியதும் தண்ணீரில் ஊறப்போடுங்கள். தாளை உரிக்கவே கூடாது. ஊறி, கூழாகி, விரலால் தேய்த்தால் தானே வர வேண்டும். அங்கங்கே விட்டுப்போன கோட்டை பெர்மனென்ட் மார்க்கரால் இழுத்துவிடலாம்.

கே: இங்க்ஜெட் பிரிண்டர் போதாதா?

போதாது. டோனர் என்பது சூட்டில் உருகும் பிளாஸ்டிக் தூள். அதனால்தான் தாமிரத்தில் ஒட்டுகிறது. இங்க்ஜெட் மை அப்படி உருகி ஒட்டாது. ஜெராக்ஸ் கடையில் எடுத்தாலும் சரி, அதுவும் டோனர்தான். ஆனால் அளவு 100 சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். 40 கால் ஐசியில் (சிப்பில்) ஒரு வரிசையின் முதல் காலுக்கும் அதே வரிசையின் கடைசிக் காலுக்கும் 48.26 மி.மீ. தூரம். ஒரு சதவீதம் சுருங்கினாலே அரை மில்லிமீட்டர் தள்ளிப்போகும். நிஜ ஐசியைத் தாள்மேல் வைத்துப் பார்த்தபிறகே அயர்ன் பாக்ஸைத் தொடுங்கள்.

இன்னொன்று: தாமிரப் பக்கத்தில் ஓர் எழுத்தைப் போட்டுவையுங்கள். தாளில் அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறித் தெரிந்தால்தான் போர்டில் நேராக வரும். ஐசியின் கால்கள் இடம் வலம் மாறிப்போன போர்டைக் குப்பையில் போடும் வலியை இந்த ஓர் எழுத்து தடுக்கும்.

கே: ஒரு மணி நேரம் ஆகியும் நடுவில் தாமிரம் கரையவில்லை. ஓரத்திலோ டிராக்குகளே, அதாவது மிஞ்ச வேண்டிய தாமிரக் கோடுகளே, அரிக்கப்பட்டுவிட்டன.

தாமிரத்தைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசல் குளிர்ந்திருக்கிறது, அசையாமலும் இருக்கிறது. பிளாஸ்டிக் தட்டை வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து 40 டிகிரி அளவில் சூடாக்குங்கள். அடுப்பில் நேரடியாக வைக்காதீர்கள். தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே இருங்கள். புதுக் கரைசலில் 35 மைக்ரான் தடிமனுள்ள தாமிரம் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடத்தில் போய்விடும். நேரம் நீண்டால் கரைசல் டோனருக்கு அடியில் பக்கவாட்டில் புகுந்து டிராக்கைத் தின்னும். ஆகவே முதல் போர்டுக்கு டிராக் 1 மி.மீ. அகலம் இருக்கட்டும். வெற்றிடங்களையும் தாமிரமாகவே விட்டு கிரவுண்டோடு (சுற்றின் பொதுவான நெகட்டிவ் இணைப்போடு) சேர்த்துவிட்டால் கரைக்க வேண்டியதே குறைந்துவிடும்.

கே: ஃபெரிக் குளோரைடு பொடியைக் கரைத்தபோது கொதித்துப் புகை வந்தது. பயமாக இருந்தது.

பயப்பட வேண்டியதுதான். நீரற்ற ஃபெரிக் குளோரைடு தண்ணீரில் சேரும்போது கடும் சூடும் அமிலப் புகையும் வரும். தண்ணீரில் பொடியைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், பொடிமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். திறந்த வெளி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை மூன்றும் வேண்டும். ஸ்டீல், அலுமினியப் பாத்திரங்களை இது அரித்துவிடும்.

கே: முடிந்ததும் கரைசலைப் பாத்ரூமில் ஊற்றிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இரும்பைவிடப் பெரிய கவலை அதில் கரைந்திருக்கும் தாமிரம். மிகக் குறைந்த அளவிலேயே மீனையும் நத்தையையும் பாசியையும் கொல்லும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பாக்டீரியாவுக்கும் கேடு.

ஒருமுறையோடு கொட்டாமல் பிளாஸ்டிக் பாட்டிலில் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பல போர்டுகளுக்கு வரும். அறவே வேலை செய்யாதபோது பெரிய பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நுரை பொங்கும், அவசரப்படாதீர்கள். நுரை நின்றபின் தாமிரமும் இரும்பும் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றைக் காயவைத்து மூடிய டப்பாவில் சேர்த்து, ரசாயனக் கழிவு சேகரிக்கும் கல்லூரி ஆய்வகம் ஏதேனும் ஏற்றுக்கொள்ளுமா என்று கேளுங்கள். மண்ணில் புதைக்க வேண்டாம்.

கே: முதல் போர்டாக 230 வோல்ட் பவர் சப்ளை செய்யலாமா?

கூடாது. கண்ணுக்குத் தெரியாத தாமிர இழை ஒன்று இரண்டு டிராக்குகளுக்கு நடுவே மிஞ்சினால் போதும், உயிருக்கே ஆபத்து. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும், 555 என்ற டைமர் ஐசியை வைத்த எல்இடி சர்க்யூட்டில் தொடங்குங்கள். சால்டர் செய்யுமுன் மல்டிமீட்டரின் பீப் ஒலியை வைத்து, அடுத்தடுத்த டிராக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். சேரக் கூடாத இரண்டுக்கு நடுவே பீப் அடித்தால் தாமிரம் மிஞ்சியிருக்கிறது.