மகன் பூசைக்கு வாசலோடு நிற்கிறான்: முகாமுக்குக் காசு கட்டலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். நான் கத்தோலிக்கன், கடற்றொழில், இரவில் போய் விடியத்தான் வருவேன். 13 வயது மகன் மறைக்கல்வி வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டான். பூசைக்கு வந்தாலும் வாசலோடு நின்றுவிடுகிறான். ஐந்து நாள் தங்கு முகாமுக்கு 15,000 ரூபா கட்டினால் பிள்ளை மாறிவிடுவான் என்று ஒருவர் சொல்கிறார். எனக்கு வேதம் அவ்வளவு தெரியாது. மனைவி சைவம், பதிவுத் திருமணம் மட்டும்தான் செய்தோம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. என்ன செய்யலாம்?

பதில்: காசைக் கட்டாதீர்கள்.

பிள்ளை வாசலில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் விசுவாசக் குறைவு அல்ல. ஆம்பிளைகள் அங்கேதான் நிற்கிறார்கள். பிரசங்கம் தொடங்கியதும் மரத்தடிக்குப் போய் நற்கருணை அப்பம் கொடுக்கிற நேரம் திரும்பி வருகிற அப்பாமாரைப் பார்த்து வளரும் பையன், உள்ளே இருப்பது அம்மாமாருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் உரியது என்று விளங்கிக்கொள்கிறான். வருகிற ஞாயிறு முன்னுக்கு உள்ள வாங்கு ஒன்றில் நீங்கள் போய் இருங்கள். அவனோடு மல்லுக்கட்ட வேண்டாம், பக்கத்தில் இடம் மட்டும் விட்டு வையுங்கள். ஞாயிறு விடிய எழும்ப முடியாவிட்டால் சனி மாலைப் பூசைக்குப் போகலாம். அதுவும் ஞாயிறு பூசை காணும் கடமையை நிறைவேற்றும்.

வேதம் தெரியாது என்கிறீர்கள். மாற்கு நற்செய்தியை எடுங்கள். நாலு நற்செய்திகளில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். நாளுக்கு எட்டு வசனம் வாசித்தால் மூன்று மாதத்துக்குள் முடியும். சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்குங்கள். அவன் வாசிக்கட்டும், நீங்கள் ஒரேயொரு கேள்வி கேளுங்கள், இயேசு கற்பித்த பரலோக மந்திரத்தோடு முடியுங்கள். பத்து நிமிடம் போதும். முதல் நாளே முழுச் செபமாலையோடு தொடங்குகிற வீடுகளில் அது ஒரு கிழமைக்கு மேல் நிலைப்பதில்லை. அதே நேரத்தில் பள்ளிக்கூடப் புள்ளிகளைப் பற்றி ஏசத் தொடங்கினால் இரண்டு நாளில் முடிந்துவிடும்.

மாற்கு 1:16-20ஐப் பாருங்கள். சீமோனும் அந்திரேயாவும் வலை வீசுகிறார்கள். யாக்கோபும் யோவானும் படகில் இருந்து வலையைச் சரிசெய்கிறார்கள். இயேசு கூப்பிட்டதும் தகப்பன் செபதேயுவைக் கூலியாட்களோடு படகில் விட்டுவிட்டு எழும்பிப் போகிறார்கள். கூலியாள் வைத்துத் தொழில் செய்த வீடு அது, சம்மாட்டி வீடு. அதை விட்டுப் போவது எவ்வளவு பெரிய விசயம் என்று உங்களைப்போல எந்த மறையாசிரியராலும் சொல்ல முடியாது. இரவு முழுக்கப் பாடுபட்டும் ஒன்றும் படவில்லை என்று லூக்கா 5:5இல் அதே சீமோன் பேதுரு சொல்வதும் அப்படித்தான். மகனைப் பக்கத்தில் வைத்து வலை பொத்துகிற நேரத்தில் இதைப் பேசுங்கள். நிலாக்காலத்தில் கரையில் நிற்கிற இரவுகளும், வாடை அடித்துக் கடல் கொந்தளிக்கிற கார்த்திகை, மார்கழியும் உங்களுக்குக் கிடைக்கிற நல்ல நேரம்.

"சாமி கண்ணைக் குத்தும்" என்று மட்டும் வெருட்டாதீர்கள். பிள்ளைகளுக்குக் கோபமூட்டவேண்டாம் என்று எபேசியர் 6:4 தகப்பன்மாருக்குத்தான் சொல்கிறது. குருவிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொன்னாய் என்றும் கேட்கவே கூடாது.

மறைக்கல்வியையும் நாங்கள் இன்னொரு பள்ளிக்கூடம் ஆக்கி வைத்திருக்கிறோம். வினாத்தாள், புள்ளி, உறுதிபூசுதல் என்ற அருட்சாதனத்துக்கு முன்னர் அவசர மனப்பாடம், அன்றைக்குப் படம் எடுப்பு, அதோடு பிள்ளை கோயில் பக்கம் இல்லை. ஞாயிறு காலையில் ரியூசன் வேறு. திருச்சபைச் சட்டம் 774 பிள்ளைகளைச் சொல்லாலும் நடத்தையாலும் விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பை மற்ற எல்லாருக்கும் முன்னர் பெற்றோருக்குத்தான் கொடுக்கிறது. அதை அப்பாமாருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை, பிள்ளையின் வரவை மட்டும் எண்ணுகிறார்கள்.

இந்த இடைவெளியில்தான் முகாம்காரர் நுழைகிறார்கள். எல்லா முகாமும் மோசமில்லை. ஆனால் உங்கள் பங்குத்தந்தைக்குத் தெரியுமா, இரவில் பிள்ளைகளோடு தங்குகிற பெரியவர்கள் யார், பற்றுச்சீட்டுத் தருவார்களா, பிள்ளை நினைத்த நேரம் உங்களோடு போனில் பேசலாமா என்று கேளுங்கள். ஒன்றுக்காவது பதில் மழுப்பலாக வந்தால் அனுப்பாதீர்கள். "மாறிவிடுவான்" என்று காசுக்கு உத்தரவாதம் தருகிறவரிடம் இதையெல்லாம் கேட்கவும் தேவையில்லை, அப்படியே விலகுங்கள்.

உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் எழுதிய பதிவுத் திருமணம்தான் முக்கியம். கத்தோலிக்கர் ஒருவர் கோயிலில் திருமணம் செய்யாமல் பதிவு மட்டும் செய்து வாழும்போது நற்கருணை வாங்க முடியாது. கனபேர் அந்தக் கூச்சத்தில்தான் வெளியே நிற்கிறார்கள். நீங்களும் அதனால் நின்றிருந்தால், மகன் உங்களைப் பார்த்துத்தான் நிற்கிறான். இதைச் சரிசெய்ய மனைவி மதம் மாற வேண்டும், முதலில் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று சொல்வோரை நம்பாதீர்கள், அது பிழை. ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரின் விதிவிலக்குத் தேவை, அது கிடைத்ததும் திருமணத்தைத் திருச்சபை முறைப்படி சரிசெய்யலாம். விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் முடிந்ததைச் செய்வேன் என்ற வாக்குறுதி உங்களிடம் இருந்து மட்டுமே. மனைவிக்கு அதைத் தெரியப்படுத்துவார்கள். அவர் சைவராகவே இருந்து, கோணேசர் கோயிலுக்குப் போய்வரலாம். அதைப் பற்றிப் பிள்ளைகள் முன்னால் ஒரு பழிச்சொல்லும் சொல்லாதீர்கள். தாயை இளக்காரமாகப் பேசுகிற அப்பா சொல்லும் செபம் பிள்ளை காதில் ஏறாது.

கிழமை நாளொன்றில் மனைவியோடு பங்குத்தந்தையிடம் போங்கள். உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பங்கில் புதிதாக எடுத்த அத்தாட்சிப் பத்திரமும் விவாகப் பதிவின் பிரதியும் கையில் இருக்கட்டும். விண்ணப்பத்தை ஆயர் இல்லத்துக்கு அவரே அனுப்புவார், நடுவில் வேறு ஆள் தேவையில்லை. மகனைப் பூசையில் குருவுக்கு உதவுகிற பீடப் பணியாளர்களோடு சேர்ப்பது பற்றியும் அதே சந்திப்பில் கேளுங்கள்.