அம்மா சொல்லாமல் விட்டவை: தாய், மகள், குடும்ப ரகசியம் – கேள்வி பதில்

தாய்க்கும் மகளுக்கும் நடுவே பேசப்படாமல் நின்றுபோன விஷயங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, குடும்ப ஆலோசகராகப் பணியாற்றும் எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி: என் அப்பாவை மணப்பதற்கு முன் என் அம்மாவுக்கு ஒரு திருமணம் நடந்து முறிந்திருக்கிறது என்பதை ஒரு பழைய ஆவணத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பாட்டிக்கும் பெரியம்மாவுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. அம்மாவிடம் கேட்கலாமா? வாயைத் திறந்தால் சண்டையில்தான் முடியும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: கேட்கலாம். கேட்பதற்கு முன், உங்களை வருத்துவது எது என்பதை மட்டும் பிரித்துப் பாருங்கள். குடும்ப ரகசியங்களை ஆராய்ந்த மார்க் கார்பெல் 1980-ல் அவற்றை மூன்று வகையாகப் பிரித்தார்: ஒருவர் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வது, குடும்பத்தில் சிலர் சேர்ந்து இன்னொருவரிடம் மறைப்பது, குடும்பமே சேர்ந்து வெளியாரிடம் மறைப்பது. உங்கள் வீட்டில் நடந்திருப்பது இரண்டாவது வகை. அம்மாவின் முதல் திருமணத்தைவிட, பாட்டிக்கும் பெரியம்மாவுக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியாமல் இத்தனை காலம் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தோமே என்பதுதான் உங்களை அதிகமாகச் சுடுகிறது என்று நினைக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது அம்மா ஒருவரை நோக்கி மட்டும் போக வேண்டிய கோபம் இல்லை.

இதே நிலையில் ஒரு தாயும் மகளும் என் எதிரே அமர்ந்திருந்தார்கள். மகள் அந்த முதல் கணவரின் பெயரைச் சொன்னதும், தாய் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். வெகுநேரம் கழித்து, "வெளியே சொல்ல மாட்டேன் என்று என் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவள் போன பிறகு யாரைக் கேட்டு அதை மீறுவது?" என்றார். மகள் அதுவரை தன்னிடம் மறைத்தவளாக மட்டும் பார்த்த ஒருத்தி, தன் தாயின் பேச்சைத் தட்ட முடியாத மகளாகவும் இருந்திருக்கிறாள் என்பது அந்த அறையில்தான் அவளுக்கு விளங்கியது. பெரும்பாலான வீடுகளில் அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவது ரகசியத்தைவிட, அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்ற கட்டளைதான். ஆகவே "ஏன் என்னிடம் மறைத்தாய்?" என்பதைப் பிறகு வைத்துக்கொண்டு, "அப்போது உன் பக்கம் யாராவது இருந்தார்களா, அம்மா?" என்று தொடங்குங்கள். வேறு யாரும் இல்லாத நேரத்தில், ஆவணத்தை முகத்துக்கு நேரே நீட்டாமல் கேளுங்கள். முதல் நாளே முழுக்கதையும் வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் என் இளமைக்காலக் காதல் உட்பட எல்லாவற்றையும் என் மகளிடம் நான் சொல்லித்தான் ஆகவேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அது உங்கள் அந்தரங்கம். மகளின் பிறப்பு, உடல்நலம், பாதுகாப்பு, அவள் எடுக்கப்போகும் முடிவுகள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை அந்த விஷயம் தொட்டால் அவளுக்கும் அதில் உரிமை வந்துவிடுகிறது. தொடாவிட்டால் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

கேள்வி: நான் ஏழு மாதக் கர்ப்பிணி. என் அம்மாவைப் பெற்ற பிறகு பாட்டி பல மாதங்கள் வீட்டில் இல்லை, எங்கோ அனுப்பப்பட்டிருந்தார் என்று உறவினர் ஒருவர் வாய் தவறிச் சொன்னார். அம்மாவிடம் கேட்டால் "உனக்கு எதற்கு இப்போது அதெல்லாம்" என்று எழுந்து போய்விடுகிறார். இதை அப்படியே விட்டுவிடட்டுமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். அவசரமான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரமே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம், "என் பாட்டிக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனநலம் பாதிக்கப்பட்டிருக்கலாம், விவரம் சரியாகத் தெரியவில்லை" என்று சொல்லுங்கள். இவ்வளவு தெரிந்தாலே அவருக்குப் பயன்படும். பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு (postpartum psychosis) என்பது 1,000 பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் வரக்கூடிய அரிய நோய். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கும். அதே நோயோ, மிகை உற்சாகமும் கடும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோயோ நெருங்கிய இரத்த உறவில் இருந்தால் வாய்ப்பு கூடுகிறது. உறக்கமே இல்லாமல் போவது, குழப்பமான பேச்சு, இல்லாத குரல்கள் கேட்பது போன்றவை தென்பட்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று உங்கள் கணவரிடமும் கூட இருப்பவர்களிடமும் இப்போதே சொல்லி வையுங்கள். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான பெண்கள் முழுமையாக மீண்டுவிடுகிறார்கள். பாட்டிக்கு அப்படி ஒன்று வந்திருந்தாலும் அது உங்களுக்கு வந்தே தீரும் என்பதில்லை.

இனி உங்கள் அம்மாவைப் பற்றி. பாட்டி இல்லாத அந்த மாதங்களில் கைக்குழந்தையாக இருந்தவர் அவர்தான். தன்னைப் பெற்றதால்தான் தாய்க்கு அப்படி ஆயிற்று என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கலாம்; யாரும் சொல்லாமல் அவராகவே அப்படி எண்ணிக்கொண்டிருக்கவும் கூடும். அவருடைய மகள் பிள்ளை பெறப்போகும் நேரத்தில் அந்தக் கதையை எடுத்தால் அந்த விதியும் கூடவே வந்துவிடும் என்ற பயத்தில் அவர் எழுந்து போவதாகவே எனக்குப் படுகிறது. "நடந்ததைச் சொல்" என்று வற்புறுத்தாமல், "எனக்கு ஏதாவது ஆனால் நீ பக்கத்தில் இருப்பாய் அல்லவா, அதற்காகக் கேட்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். காவல் காக்கும் தாயாக அவருக்கு ஓரிடம் கொடுத்தால், அடைத்துவைத்த பேச்சு வெளியே வர வழி பிறக்கும்.

மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் பற்றியும் அப்படியே கேட்டு வையுங்கள். "வயிற்றுக் கோளாறு" என்று சொல்லி மூடிய மரணங்கள் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. 1994-லும் 1995-லும் கண்டறியப்பட்ட பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களில், இந்தப் புற்றுநோய்களுக்கான வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் அது பிள்ளைக்கு வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. தந்தை வழியாகவும் அது வரும் என்பதால், அப்பாவைப் பெற்ற பாட்டியின் கதையும் தேவைதான்.

கேள்வி: பாட்டி அனுபவித்த துயரம் மரபணு வழியாகவே பேத்திக்கு வந்துவிடுகிறது என்று எங்கும் படிக்கிறேன். உண்மையா?

பதில்: அந்த அளவுக்கு நிரூபணம் ஆகவில்லை. பெண் சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டை அணுக்கள் உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாத வாக்கில் அறுபது, எழுபது லட்சமாக இருப்பவை பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சமாகக் குறைகின்றன. ஆகவே நீங்கள் உருவான அந்த ஓர் அணு, உங்கள் அம்மா பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே தோன்றியது என்பது உண்மை. பாட்டியின் நினைவுகள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. நெதர்லாந்தில் 1944-45 பஞ்சத்தின்போது கருவில் தொடக்க மாதங்களில் இருந்தவர்களின் ஒரு மரபணுப் பகுதியில், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் வேதியியல் மாற்றம் காணப்பட்டதாக 2008-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் அவர்கள் கருவிலேயே அந்தப் பஞ்சத்தை நேரடியாக அனுபவித்தவர்கள். யூத இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் ரேச்சல் யெஹுதா என்ற ஆய்வாளர் ஆராய்ந்ததும் பரவலாகப் பேசப்படுகிறது. அதில் பங்கேற்றவர்கள் 32 பெற்றோரும் 22 பிள்ளைகளும்தான். துயரம் கைமாறுகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது எப்படி என்று கேட்டால், தாயின் முகம் எந்தப் பேச்சுக்கு மாறுகிறது என்று குழந்தை நாள்தோறும் கவனித்துக் கற்றுக்கொள்வதையே நான் முதலில் சொல்வேன்.

கேள்வி: அம்மா தன் பழைய கதை ஒன்றை என்னிடம் மட்டும் சொல்லி, "தங்கைக்குத் தெரியக் கூடாது" என்கிறார். தங்கையுடன் இயல்பாகப் பேசவே முடியவில்லை.

பதில்: அம்மா உங்களைத் தோழியாக நினைத்துச் சொன்னார், மகளாக உங்களுக்கு அது சுமையாகிவிட்டது. இருவருக்கிடையே பதற்றம் கூடும்போது மூன்றாமவரை உள்ளே இழுத்து அதைத் தணித்துக்கொள்ளும் வழக்கத்தை மரே போவன் என்ற மனநல மருத்துவர் முக்கோணம் என்று விளக்கினார். உங்களுக்கு ஏன் இப்படிக் களைப்பாக இருக்கிறது என்பதற்கு உளவியல் ஆய்வாளர் மைக்கேல் ஸ்லெபியனும் சகாக்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வுகள் விடை தருகின்றன: ரகசியத்தைப் பேச்சில் மறைக்க வேண்டிய தருணங்கள் குறைவு, தனியாக இருக்கும்போது மனம் அதையே சுற்றிச் சுற்றி வரும் தருணங்கள்தாம் அதிகம், மன நலத்தைக் குறைப்பதும் அதுவே. தங்கையிடம் நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள், அது அம்மாவின் கதை. அம்மாவிடம், "இதை என்னால் தொடர்ந்து மறைக்க முடியவில்லை. நீயே அவளிடம் சொல், நான் கூட உட்காருகிறேன். இனிமேல் அவளிடம் மறைக்க வேண்டியவற்றை என்னிடமும் சொல்லாதே" என்று சொல்லுங்கள். அம்மா சில நாள் முகம் கொடுக்காமல் இருப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயதாகும் எங்கள் மகள் தத்தெடுக்கப்பட்டவள். சொல்லவே கூடாது என்பது என் அம்மாவின் பிடிவாதம்.

பதில்: இது உங்கள் அம்மா முடிவெடுக்க வேண்டிய விஷயமே இல்லை, ஏனென்றால் இது உங்கள் மகளின் பிறப்பைப் பற்றியது. தத்துப்பிள்ளைகள் வளர்ந்ததும் தங்கள் மூலப் பிறப்புப் பதிவைப் பார்க்கும் உரிமை ஸ்காட்லாந்தில் 1930 முதலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவும் கிடைத்தது. இன்று எச்சிலைக் கொண்டு செய்யும் மரபணுப் பரிசோதனை ஒன்றாலேயே, யார் மறைத்தாலும் வெளியே வந்துவிடலாம். சிறு வயதிலிருந்தே கேட்டுப் பழகிய செய்தியாக இருந்திருந்தால் நல்லது; இப்போது, அவளே வேறு யாரிடமிருந்தோ கேட்பதற்கு முன், நீங்களும் கணவரும் சேர்ந்து சொல்லுங்கள். அவள் அழலாம், கத்தலாம், பெற்ற தாயைப் பற்றிக் கேட்கலாம். அந்தத் தாயை ஒரு சொல்லாலும் தாழ்த்திப் பேசாதீர்கள்.

கேள்வி: சிறுமியாக இருந்தபோது உறவினர் ஒருவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். அம்மாவிடம் சொன்னேன், வெளியே சொல்லாதே என்றார். பாட்டிக்கும் அவரைப் பற்றித் தெரியும் என்று இப்போது புரிகிறது. அவர் இன்றும் வீட்டுக்கு வருகிறார், எனக்கு ஆறு வயதில் மகள் இருக்கிறாள்.

பதில்: உங்களுக்கு நடந்ததில் உங்கள் தவறு ஏதும் இல்லை. இதுவரை நான் எழுதிய பொறுமை, நேரம் பார்த்துப் பேசுதல் எதுவும் இங்கே பொருந்தாது. உங்கள் மகள் இருக்கும் இடத்தில் அந்த மனிதர் இருக்கக் கூடாது. அம்மா அழுதாலும், உறவு முறியும் என்றாலும், அதை இன்றே செய்யுங்கள். அந்த வீட்டுக்கு வரும் மற்றக் குழந்தைகளின் பெற்றோருக்கும் சொல்லுங்கள். குழந்தைகள் பாதுகாப்புக்கான உதவி எண்ணையோ காவல்துறையையோ அணுகுவது உங்கள் உரிமை. உங்களுக்காக ஓர் ஆலோசகரைத் தனியாகச் சந்தியுங்கள். ஒருவேளை உங்கள் அம்மாவும் அதே மனிதரால் காயப்பட்டவராக இருக்கலாம். அப்படி இருந்தால் அவருக்காகப் பிறகு அழலாம். குழந்தைக்கான காவல் அதற்காக ஒரு நாளும் தள்ளிப்போகக் கூடாது.

கேள்வி: டிமென்ஷியா வந்த பிறகு அம்மா, எனக்கு முன்னால் பிறந்த ஒரு பெண் குழந்தையைத் தேடுகிறார். அப்படி ஒரு அக்கா எனக்கு இருந்தாளா?

பதில்: இருந்திருக்கலாம். இந்த நோயில் சமீபத்திய நினைவுகள் முதலில் அழிந்து பழையவை மேலெழும். அதே சமயம், நடக்காதவற்றை நடந்ததாக நம்பிப் பேசுவதும் உண்டு. ஆகவே அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்யாமல், பழைய மருத்துவக் குறிப்புகளிலும் பிறப்புப் பதிவேட்டிலும், அவருடைய வயதை ஒத்த உறவினரிடமும் தேடுங்கள். அம்மா அந்தக் குழந்தையைத் தேடும்போது "அப்படி யாரும் இல்லை" என்று மறுக்க வேண்டாம். "அவளைப் பற்றிச் சொல்லு, எப்படி இருப்பாள்?" என்று கேட்டு, சொல்வதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள், ஒரே விவரம் வெவ்வேறு நாள்களில் மாறாமல் வந்தால், பதிவேட்டில் எந்த ஆண்டுகளைப் பார்ப்பது என்று முடிவு செய்ய அது உதவும்.