எச்1பி விசாவில் இருப்பவர் டெக்சஸில் வேட்டைக்குப் போகலாமா?

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் நான்கு வருடமாக இருக்கிறோம். எனக்கு எச்1பி வேலை விசா, மனைவிக்கும் 12 வயது மகனுக்கும் அதோடு வரும் எச்4 குடும்ப விசா. நவம்பரில் தன் மாமனாருடைய ராஞ்சில் (பெரிய பண்ணை) மான் வேட்டைக்கு வரும்படி அலுவலக நண்பர் கூப்பிடுகிறார். மகனும் வரத் துடிக்கிறான். ஹண்டர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்தால்தான் வேட்டை லைசென்ஸ் கிடைக்குமா? 10 டாலர் கட்டினால் வகுப்பை ஒரு வருடம் தள்ளிப்போடலாம் என்கிறார் நண்பர். அது போதுமா? எனக்கு வயது 38. இதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை.

பதில்: நண்பர் சொன்னது டெக்சஸ் சட்டப்படி சரிதான். உங்கள் விசாதான் அவர் நினைவுக்கு வந்திருக்காது. அதனால் நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எச்1பி, எச்4, எஃப்1 (மாணவர் விசா) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. 'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நண்பரின் ரைஃபிளை அரை மணி நேரம் கையில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும், சுடுதளத்தில் வாடகைக்கு எடுப்பதும் அதற்குள் அடங்கும். 2022-இல் இந்தக் குற்றத்துக்கான உச்சபட்சத் தண்டனையை 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்த்திவிட்டார்கள். துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தல் வரைக்கும் கொண்டுபோகக் கூடியது.

இந்தத் தடைக்கு உள்ள விலக்குகளில் உங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்துவது ஒன்று: அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்று முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது. நண்பருக்கு லைசென்ஸ் என்பது மான் சுட அனுமதி, அவ்வளவுதான். உங்களுக்கு அதுவே துப்பாக்கியைத் தொடவும் அனுமதி. மீன்பிடி லைசென்ஸ் இதற்குச் செல்லாது.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். பல மாநிலங்களில் ஹண்டர் எஜுகேஷன் சான்றிதழைக் காட்டாமல் லைசென்ஸே தரமாட்டார்கள். டெக்சஸ் வழக்கம் வேறு. விளையாட்டுச் சாமான் கடையிலோ இணையத்திலோ பணம் கட்டினால் லைசென்ஸ் வந்துவிடும், சான்றிதழை யாரும் கேட்க மாட்டார்கள். காட்டில் கேம் வார்டன் (வேட்டைச் சட்டங்களைக் கண்காணிக்கும் அதிகாரி) வந்து நிற்கும்போதுதான் கேட்பார். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் இது கட்டாயம்.

10 டாலர் விஷயத்துக்கு டிஃபரல் என்று பெயர். 17 வயது நிரம்பியவர்கள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வாங்கலாம். வாங்கினாலும் தனியாக வேட்டையாட முடியாது. டெக்சஸ் லைசென்ஸும் சான்றிதழும் உள்ள (அல்லது 1971 செப்டம்பர் 2-க்கு முன் பிறந்ததால் சான்றிதழ் தேவைப்படாத) ஒருவர், குரல் கொடுத்தால் கேட்கும் தூரத்தில் கூடவே இருக்க வேண்டும். சட்டப்படி உங்களுக்கு அது போதும். ஆனால் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். துப்பாக்கியைத் தொட்டே பழகாதவர் எதையும் படிக்காமல், பனி விழும் விடியற்காலையில், நிறைத்த ரைஃபிளோடு நிற்பது எனக்குப் பயத்தைத் தருகிறது. அதுவுமில்லாமல் 17 வயது நிரம்பியவர்கள் வகுப்பு முழுவதையும் வீட்டிலிருந்தே இணையத்தில் முடிக்கலாம், ஒரு சனி ஞாயிறு போதும். சான்றிதழுக்கு ஆயுள் முழுக்க மதிப்பு உண்டு, மற்ற மாநிலங்களும் ஏற்றுக்கொள்ளும். நாளைக்கே வேலை மாறி கொலராடோ போனாலும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை.

மகன் கதை கொஞ்சம் வேறு. 17 வயதுக்குக் கீழே டிஃபரல் கிடையாது. பெரியவர் கூடவே இருந்தால் சான்றிதழ் இல்லாமலும் மாநிலச் சட்டம் அவனை விட்டுவிடும். ஆனால் அவனும் எச்4. அப்பாவிடம் லைசென்ஸ் இருக்கிறதே என்பது மத்தியச் சட்டத்துக்குக் கணக்கில்லை, அவன் பெயரில் தனி லைசென்ஸ் வேண்டும். 17 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது 7 டாலர்தான். இங்கேயே பிறந்த பிள்ளையாக இருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. சான்றிதழ் எடுக்க 9 வயது ஆகியிருந்தால் போதும். ஆனால் அவன் வயதுக்கு இணையம் மட்டும் போதாது. நேரடி வகுப்பில் உட்கார வேண்டும், இல்லையென்றால் இணையப் பாடத்தோடு ஒரு நாள் களப்பயிற்சிக்கும் போக வேண்டும். களத்தில் சில இடங்களில் நிஜமாகவே சுட வைப்பார்கள். ஆகவே அவனுக்கு முதலில் லைசென்ஸ், அப்புறம் களப்பயிற்சி. சான்றிதழுக்கு முன்னாலேயே லைசென்ஸ் கிடைக்கும் டெக்சஸ் வழக்கம் இங்கே உங்களுக்குக் கைகொடுக்கிறது. முடிந்தால் நீங்களும் அவனோடு போய் உட்காருங்கள். திரையில் படிப்பதைவிட, பயிற்றுநர் கையில் உள்ள டம்மி துப்பாக்கியை வைத்துக் கற்பது நன்றாக மனதில் நிற்கும்.

அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்? அடிப்படை நான்கு. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிறைத்ததாகவே நினைக்க வேண்டும். குழல்வாய் எப்போதும் ஆபத்தில்லாத திசையைப் பார்க்க வேண்டும். சுடும் கணம் வரும்வரை விரல் டிரிகருக்கு வெளியே இருக்க வேண்டும். குறி எது, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. முதல் மூன்றும் எல்லோருக்கும் சீக்கிரம் படிந்துவிடுகின்றன. புதிதாக வருபவர்கள் தடுமாறுவது நான்காவதில். சின்னதாகத் தெரியும் பாயிண்ட் 22 தோட்டாவே ஒரு மைலைத் தாண்டிப் போகும். மான் வேட்டை ரைஃபிள் தோட்டா இரண்டு மூன்று மைல்கூடப் போகும். மேட்டு உச்சியில், பின்னால் வெறும் வானம் தெரிய ஒரு கொம்பு மான் நிற்கிறது என்றால் படத்துக்கு அழகு. அங்கே சுடக் கூடாது, பின்னால் மண்மேடு இருந்தால்தான் சுடலாம். புதருக்குள் ஏதோ அசைகிறதே என்று ரைஃபிள் ஸ்கோப் வழியாகப் பார்ப்பதும் தவறு. அங்கே இருப்பது ஆளாக இருந்தால் அவரைக் குறிபார்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பைனாகுலர் எதற்கு இருக்கிறது?

வேலி தாண்டும்போது தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியை அந்தப் பக்கம் தரையில் படுக்க வைத்துவிட்டு, அப்புறம்தான் ஏற வேண்டும். பரண் என்றால் நம் ஊரில் கட்டை கட்டி ஏறுவதுதான் ஞாபகம் வரும். இங்கே மரத்தில் மாட்டும் பரணில் ஏறும்போது உடம்பு முழுக்கப் பெல்ட் கட்டியிருக்க வேண்டும். காலியான துப்பாக்கியை மேலே போனபின் கயிற்றால் இழுத்துக்கொள்ள வேண்டும். வேட்டைக்காரர்களுக்கு அடிபடுவது குண்டினால் மட்டுமில்லை, பரணிலிருந்து விழுந்தும்தான்.

மானை எங்கே சுடுவது என்பதும் பாடத்தில் உண்டு: முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம். அடிபட்டு ஓடினால் உடனே துரத்தாமல் அரை மணி நேரம் காத்திருந்து ரத்தத் தடம் பார்த்துப் போகச் சொல்வார்கள். துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடி எங்கோ கிடந்து சாகும். விழுந்ததும் லைசென்ஸோடு வரும் மான் டேகில் (அடையாளச் சீட்டு) நாளையும் மாதத்தையும் வெட்டியெடுத்து, அதை மானில் கட்டிவிட வேண்டும், படம் எடுப்பதெல்லாம் பிறகு. எத்தனை மான் சுடலாம், எந்தக் கொம்புள்ள மானைச் சுடலாம் என்பது கவுண்டிக்குக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) மாறும். பல கவுண்டிகளில் கொம்பின் உள்அகலம் 13 அங்குலம் இருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. காதை விறைத்து நிற்கும் மானின் இரு காது நுனிகளுக்கு இடையே ஏறக்குறைய அதே அகலம், கண்ணால் அளக்க அதுதான் வழி. ராஞ்ச் எந்தக் கவுண்டியில் இருக்கிறது என்று நண்பரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

செலவு அதிகமில்லை. டெக்சஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் குடியிருந்தால் உள்ளூர்க்காரர் கணக்கு, லைசென்ஸ் 25 டாலர். வெளியூர்க்காரர்களுக்கு 315. புது வருட லைசென்ஸ் ஆகஸ்ட் 15 வாக்கில் விற்பனைக்கு வரும். பொதுவான மான் சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். செப்டம்பரிலேயே வகுப்பை முடித்துவிட்டால் அவசரம் இருக்காது.

ராஞ்சில் கண்டிப்பாக ஒருவர் சொல்வார்: "மான் கிடைக்காவிட்டால் காட்டுப் பன்றி சுடலாம், அதற்கு லைசென்ஸே வேண்டாம்." 2019 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் தனியார் நிலத்தில், நில உரிமையாளர் சம்மதித்தால் அது உண்மை. அவர் சொல்வது மாநிலச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் நீங்கள் பன்றிக்காகத் துப்பாக்கி எடுத்தாலும் மத்தியச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். இன்னொரு தேதியும் முக்கியம். டெக்சஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகிவிடும். ஆசைப்பட்டு சொந்தமாக ரைஃபிள் வாங்கினீர்கள் என்றால், புது லைசென்ஸ் எடுக்காமல் செப்டம்பர் 1 விடியும்போது அது வீட்டுப் பெட்டியில் பூட்டிக் கிடப்பதே குற்றமாகிவிடும். வாங்குவதாக இருந்தால் அதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.