மெதுவாக நடக்கிற நண்பரைப் பற்றிக் கவலை வேண்டாம், 1,800 ரூபாய் கேட்கிறவரைக் கவனியுங்கள்

கேள்வி: சேலத்தில் கல்லூரி முதலாம் ஆண்டு படிக்கிறோம். மொத்தம் 14 பேர், அதில் 5 பேர் பெண்கள். யாருக்கும் மலையேறிப் பழக்கமில்லை. வரும் ஜனவரியில் அடிவாரத்திலிருந்து சேர்வராயன் மலைக்கு நடந்தே ஏற ஆசை. இன்ஸ்டாகிராமில் ட்ரெக்கிங் நடத்தும் ஒருவர் ஆளுக்கு 1,800 ரூபாய் கேட்கிறார். பர்மிஷன், வேன், சாப்பாடு, காட்டுக்குள் டென்ட், கேம்ப் ஃபயர் எல்லாம் அதில் அடக்கமாம். ஆளுக்கு 500 அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். எங்களில் ஒருவர் சற்றுப் பருமன், வேகமாக நடக்க மாட்டார். அவரால் ஏற முடியுமா? என்ன ஷூ, என்ன பை வாங்க வேண்டும்?

பதில்: நண்பரால் முடியும். மூச்சிரைப்பு நோய், நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் என்று எதற்காவது மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும். இல்லையென்றால் அவருடைய எடை ஒரு தடையே இல்லை. தடை உங்கள் வேகம்தான்.

கணக்கு எளிது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இந்த வித்தியாசம் முழுவதையும் நீங்கள் நடந்து ஏறப்போவதில்லை. அடிவாரத்துக் கிராமங்களிலிருந்து மேலே போகும் ஒற்றையடிப் பாதையில் 900 மீட்டர் வரை ஏற வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையேறுபவர்கள் பல காலமாகப் போடும் கணக்கு, 5 கிலோமீட்டர் தூரத்துக்கு 1 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 5 கிலோமீட்டர் பாதையில் 900 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டரை மணி நேரம். இது பழகியவர்களுக்கு. முதல்முறை ஏறும் 14 பேருக்கு இதை இரண்டால் பெருக்கி 5 மணி நேரம் என்று வையுங்கள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்கு மேலே இருப்பீர்கள். பகல் 1 மணிக்கு எங்கே இருந்தாலும் ஏறுவதை நிறுத்தி, இறங்கும் வேலையைப் பார்க்க வேண்டும். ஜனவரியில் ஆறு மணியைத் தாண்டினால் வெளிச்சம் போய்விடும். மரத்தடியில் அதற்கும் முன்பே போய்விடும்.

எல்லாக் குழுவிலும் நடக்கிற கூத்து ஒன்று உண்டு. வேகமாக நடக்கும் நான்கு பேர் முன்னால் ஓடிப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஓய்வெடுப்பார்கள். மெதுவாக நடப்பவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "வந்துட்டான்டா, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவையே இல்லாதவனுக்கு முழு ஓய்வு, தேவைப்படுகிறவனுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. மூன்றாவது பாறையில் அவர் உட்கார்ந்துவிடுவார், பழியும் அவர் மேலேயே விழும். வழிகாட்டிக்கு அடுத்த ஆளாக அவரை நடக்க விடுங்கள். அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். வாய் திறந்து பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று பாருங்கள், பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். 50 நிமிடம் நடை, 5 நிமிடம் நிற்பது. உங்களில் நல்ல தெம்புள்ள ஒருவர் கடைசி ஆளாக வர வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, சிறுநீர் கழிக்க ஒதுங்கியவர் உட்பட.

பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை, கல்லூரி மாடிப்படி போதும். மூன்று மாடி ஏறினால் ஏறக்குறைய 10 மீட்டர். வாங்கப்போகும் ஷூவைப் போட்டுக்கொண்டு, 4 கிலோ எடை வைத்த பையை மாட்டி, ஒரு நாளைக்கு 15 தடவை. மூன்று வாரம் செய்யுங்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் தொடைத் தசை பழகும், அதனால் லிஃப்டில் இறங்காதீர்கள்.

இனி அந்த 1,800 ரூபாய் விஷயம்.

பர்மிஷன் என்பதை டோல்கேட் கட்டணம் மாதிரி எல்லாரும் நினைக்கிறார்கள். அது ஒரு பெயர்ப்பட்டியல். இன்று இந்தப் பாதையில் இன்னின்னார் ஏறினார்கள், இன்னார் கூட்டிப்போனார், இத்தனை பேர் இறங்க வேண்டும் என்று கீழே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கான அத்தாட்சி. அது இல்லாமல் ஏறினால், கால் முறிந்து கிடந்தாலும் தேடி வர வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்கள் வாங்கிய சீட்டு டாப் ஸ்டேஷன் பாதைக்கு, போனதோ கொழுக்குமலைப் பக்கம் என்று வனத்துறை அப்போது சொன்னது. ஏற்பாடு செய்தவர்களை நம்பிப் போனவர்கள் அவர்கள். பலர் உங்களைவிடச் சில வயதுதான் மூத்தவர்கள்.

அதன் பிறகுதான் அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற அரசுத் திட்டம் 40 பாதைகளுடன் தொடங்கியது. சேலம் மாவட்டத்துப் பாதைகளும் அதில் உண்டு, குண்டூர் பாதை உங்கள் கல்லூரியிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம். முன்பதிவை அதன் வலைதளத்தில் நீங்களே செய்யலாம், மலையைச் சேர்ந்த பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். தீப்பிடிக்கும் காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகள் மூடப்படும். ஜனவரியில் முடியாமல் "மார்ச்ல வெச்சுக்கலாம்" என்று உங்கள் இன்ஸ்டாகிராம் ஆள் தள்ளிப்போட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இந்தத் தரகர்களின் பாட்டு எப்போதும் ஒன்றுதான். "ஃபாரஸ்ட் கார்டு நம்ம ஆளு" என்பார்கள். அருவிக்கோ பூங்காவுக்கோ வாங்கிய நுழைவுச்சீட்டைக் காட்டி, இதுதான் பர்மிஷன் என்பார்கள். விடிகாலை 4 மணிக்கே கிளம்ப வேண்டும் என்பார்கள். சூரிய உதயம் பார்க்க அல்ல, செக்போஸ்ட்டில் ஆள் வருவதற்குள் தாண்ட. "யாராவது கேட்டா கோயிலுக்குப் போறோம்னு சொல்லுங்க" என்று சொல்லிக்கொடுப்பார்கள். இந்த வாக்கியத்தைக் கேட்ட இடத்திலேயே திரும்பிவிடுங்கள். 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். பிடிபட்டால் பெயர் எழுதப்படுவது உங்களுக்கு, கூட்டிப்போனவர் அடுத்த வாரம் இன்ஸ்டாகிராமில் வேறு பெயரில் இன்னொரு பக்கம் திறப்பார்.

உங்கள் ஆள் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிட்டார், கவனித்தீர்களா? காட்டுக்குள் கேம்ப் ஃபயர் என்று சொன்னாரே, அதுதான். முறையான அனுமதியோடு கூட்டிப்போகிற எவரும் காட்டுக்குள் நெருப்பு மூட்டித் தருவதாகச் சொல்ல மாட்டார்.

அரசு பக்கமும் கோளாறு இருக்கிறது. நேர்வழியில் போகிற மாணவனுக்கு லாகின், அடையாள அட்டை, ஒவ்வொருவர் விவரம், மழை பெய்தால் கடைசி நேர ரத்து. குறுக்கு வழியில் போகிறவனுக்கு ஒரே ஒரு க்யூஆர் ஸ்கேன். இந்த வித்தியாசம் குறையாத வரைக்கும் தரகர்கள் சம்பாதித்துக்கொண்டுதான் இருப்பார்கள். கல்லூரிகளும் "எங்களுக்குத் தெரியாது" என்று கையைக் கழுவாமல், உடற்கல்வி ஆசிரியர் மூலம் வருடத்துக்கு ஒருமுறை முறையாகக் கூட்டிப்போனால் பாதித் தொல்லை தீரும். கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் நல்லது.

முதலாம் ஆண்டு என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். உங்களில் சிலருக்கு 18 நிரம்பியிருக்காது. அவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். "இந்த வருஷம் 18 ஆயிடும்" என்பது செல்லாது, ஏறுகிற தேதியில் நிரம்பியிருக்க வேண்டும். விடுதி வார்டன் கையெழுத்து பெற்றோர் கையெழுத்து ஆகாது. அறை நண்பன் போட்ட கையெழுத்து எதுவுமே ஆகாது. ஊர் தொலைவாக இருந்தால் இரண்டு வாரம் முன்பே கடிதத்தை எழுதி வாங்கிவிடுங்கள், பெற்றோர் அடையாள அட்டை நகலும் கூட இருக்கட்டும். இன்னொரு சிக்கல் ஆதார். பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கிறவர்கள் எல்லா வகுப்பிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். எந்த அட்டையைக் காட்டிப் பதிவு செய்தீர்களோ அதே அட்டையின் அசலை அன்றைக்குக் கொண்டுவர வேண்டும். 14 பேரின் அட்டைகளையும் ஒரு மாலை உட்கார்ந்து வரிசையாக வைத்துப் பாருங்கள். 18 நிரம்பாதவர் யார் யார் என்று அடிவாரத்தில் நிற்கும்போது கண்டுபிடிப்பதற்கு, அன்றே கண்டுபிடிப்பது மேல்.

வேனைப் பற்றி ஒரு வார்த்தை. நம்பர் பலகை வெள்ளையாக இருந்தால் அது சொந்த உபயோக வண்டி. வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரிப்பார்கள். மஞ்சள் பலகை வண்டியில் மட்டும் ஏறுங்கள். ஏற்காடு மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து அரசுப் பேருந்தே போகும்போது இதில் எதற்குச் சிக்கனம்?

ஷூவுக்கு நான்காயிரம் செலவழிக்காதீர்கள். அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் உள்ள எந்த ஷூவும் போதும். வழவழப்பான கான்வாஸ் ஷூவும் செருப்பும் கூடாது. மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். போட்டுக்கொண்டு கடைப் படியில் கீழ்நோக்கி இறங்கிப் பாருங்கள். பெருவிரல் முன்பக்கம் இடித்தால் அரை சைஸ் கூட்டுங்கள், இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். முதல் நாள் கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பருத்திச் சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருந்து கொப்புளம் போடும், பாலியெஸ்டர் கலந்தது வாங்குங்கள். நடக்கும்போது குதிகாலில் சுரீரென்று சூடு தெரிந்தால் "மேல போய்ப் பாத்துக்கலாம்" என்று நினைக்காமல் அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயனில்லை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், முட்டியைப் பிடிக்கும்.

பை, கல்லூரிக்குக் கொண்டுபோகிற இரண்டு தோள்பட்டைப் பையே. தண்ணீர் பாட்டில்கள் முதுகை ஒட்டி இருக்கட்டும். ஆளுக்கு 3 லிட்டர், வழியில் ஓடைத் தண்ணீரை நம்ப வேண்டாம். அதில் ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளுங்கள், ஆனால் பாக்கெட்டைப் படித்துவிட்டு. 21 கிராம் பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சுமார் 4 கிராம் சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. பெரியதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் தாகம் கூடி வயிற்றைக் கலக்கும். டெட்ரா பாக்கெட்டில் வரும் சர்க்கரைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல. அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் கறாராகச் சொன்னது. சாப்பாட்டுக்குப் புளிச்சாதம், கொறிக்கக் கடலை மிட்டாய், பேரீச்சை. தட்டுவடையை நடுவில் காய், சட்னி வைத்துச் செட்டாகப் போட்டு எடுத்துப் போகாதீர்கள், அரை மணியில் ஊறிவிடும். மேலே சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும், வியர்வையோடு நின்றால் நடுங்கும். ஆளுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். பெண்கள் நாப்கினும் அதை மடித்துத் திரும்பக் கொண்டுவர ஒரு கவரும் வைத்துக்கொள்ளுங்கள், பாதையில் கழிப்பறை கிடையாது.

சேர்வராயன் மலையில் நீங்கள் பார்க்க வாய்ப்புள்ள பெரிய விலங்கு காட்டெருமை. தனியாக நிற்கும் கடா தான் ஆபத்து. செல்ஃபி எடுக்க நெருங்காமல், வழியை அதற்கு விட்டுவிட்டு மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கி நில்லுங்கள். சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள், பாறைத் தேனீக்களுக்கு வாசனை ஆகாது. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேல் இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கி இறக்கி, 108-ஐ அழைத்துச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

முட்டி போவது இறங்கும்போதுதான். பாதை ஏற்காட்டுச் சாலையில் போய் முடிவதாக இருந்தால், வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு பேருந்தில் இறங்குங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கொடுத்த 7,000 ரூபாய் அட்வான்ஸுக்கு இன்றே இதைச் செய்யுங்கள். "எங்கள் 14 பேர் பெயரும், பாதையின் பெயரும், தேதியும் உள்ள அனுமதி நகலை இந்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசாதீர்கள். அவருடைய விளம்பரம், பணம் அனுப்பிய ரசீது, பதில் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, குழுவில் இரண்டு பேரிடமாவது வையுங்கள், ஏனென்றால் முதலில் அவர் செய்வது உங்களை பிளாக் செய்வதாக இருக்கும். அப்படிச் செய்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் பணம் வேறு கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும்.